வளைந்த கோடும் கருகிய மரமும்

எஸ்போ நகரில் நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து விடைபெற்ற நாளில், உடன் பணிபுரிந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு கண்ணாடிப் பூச்சாடியைப் பரிசளித்தார்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபின்லாந்தில் சில ஆண்டுகள் வாழ்ந்த எவருக்கும் தெரிந்திருக்கும். திருமணம், பட்டமளிப்பு, ஐம்பதாவது பிறந்தநாள், பணி ஓய்வு என்று எந்த நிகழ்ச்சியானாலும் அந்த நாட்டில் கைமாறுகிற பொருள் அதுதான். வட்டமும் இல்லாமல், நீள்வட்டமும் இல்லாமல், எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாத ஒரு வளைகோடு. அந்தக் கோடு அப்படியே மேலெழுந்து சுவராக நிற்கிறது. ஆல்தோ சாடி என்றும் சவோய் சாடி என்றும் அதற்குப் பெயர்.

அது ஒரு வடிவமைப்புப் போட்டிக்காக வரையப்பட்டது என்பதைப் பலரும் அறிவார்கள். அந்தப் போட்டியில் வென்ற வரைபடத்துக்கும் என் மேசையில் நிற்கும் பொருளுக்கும் இடையே எத்தனை பேருடைய மூச்சும் வியர்வையும் இருக்கின்றன என்பதை நான் அறிந்துகொண்டது வெகு பின்னால்தான். பொருள் வடிவமைப்பைப் படித்துவிட்டு அதிலேயே வேலையும் பார்க்கிற எனக்கு, மரபான கண்ணாடித் தொழிலையும் புதிய சிந்தனையையும் ஒரே மேசையில் உட்கார வைத்த போட்டிகளைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று நெடுநாளாக ஆசை. அதற்கு இந்தச் சாடியை விடப் பொருத்தமான தொடக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

1936 ஆம் ஆண்டில், மறு ஆண்டு பாரிஸில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்குப் புதிய கண்ணாடிப் பொருட்கள் வேண்டும் என்று கார்ஹுலா-ஈத்தலா கண்ணாடி ஆலைகள் ஒரு போட்டியை அறிவித்தன. இரண்டும் அப்போது ஆல்ஸ்ட்ரோம் என்ற தொழில் குழுமத்துக்குச் சொந்தமானவை. ஈத்தலா ஆலை 1881 இல் தொடங்கப்பட்டது; அதை நிறுவியவரும் ஸ்வீடன்காரர், முதலில் அங்கே ஊதுகுழல் பிடித்த தொழிலாளர்களும் ஸ்வீடனிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள். ஃபின்லாந்தில் அப்போது அந்தக் கைத்திறன் போதுமான அளவு இல்லை. கார்ஹுலா ஆலை தெற்குக் கடற்கரையில், கோத்கா நகரை ஒட்டி 1889 இல் எழுந்தது. நெடுங்காலம் இந்த ஆலைகளில் செய்த கிண்ணங்களும் கோப்பைகளும் பிற ஐரோப்பிய ஆலைகளின் மாதிரிகளை ஒட்டியே இருந்தன. ஃபின்லாந்து சுதந்திரம் பெற்றது 1917 இல். புதிதாகத் தன் பெயரை உலகுக்குச் சொல்ல வந்த ஒரு நாடு, தனக்கென்று ஒரு முகம் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தப் போட்டிகள் நடந்தன. வெறும் விற்பனை உத்தியாக மட்டும் அவற்றைப் பார்த்தால், ஆலை நிர்வாகங்கள் ஏன் அவ்வளவு பொறுமை காட்டின என்பது நமக்குப் புரியாமலே போகும்.

போட்டியாளர்கள் தம் பெயரைப் போடக்கூடாது. ஒரு புனைபெயரில்தான் வரைபடங்களை அனுப்ப வேண்டும். 38 வயதான கட்டடக் கலைஞர் அல்வர் ஆல்தோ அனுப்பிய வரைபடங்களின் மேல் ஸ்வீடிஷ் மொழியில் ஒரு விசித்திரமான தலைப்பு இருந்தது: 'எஸ்கிமோப் பெண்ணின் தோல் காற்சட்டை'. (இன்று அந்த இனப்பெயரை அந்த மக்களைக் குறிக்கப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை, பயன்படுத்தவும் கூடாது; வரலாற்றில் இருந்தபடியே இங்கே தருகிறேன்.) அட்டைகளிலும் மெல்லிய தாள்களிலும் வண்ணக்கோல் கொண்டு அவசரமாகக் கிறுக்கியது போன்ற படங்கள் அவை. அளவு குறித்த தொழில்நுட்ப வரைபடம் போல எதுவும் அவற்றில் தோன்றாது. ஒன்றுக்குள் ஒன்றாக நெளியும் கோடுகள், அவ்வளவுதான். நடுவர்கள் அதற்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

அந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று ஃபின்லாந்தில் யாரைக் கேட்டாலும் ஏரி என்பார்கள். ஆயிரக்கணக்கான ஏரிகள் கொண்ட நாடு, கரைகள் எல்லாம் இப்படித்தான் நெளிந்து கிடக்கும், ஆல்தோ என்ற சொல்லுக்கே ஃபின்னிஷ் மொழியில் அலை என்றுதான் பொருள் என்று அடுக்குவார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தாமே எழுதி வைத்த தலைப்பில் ஏரியும் இல்லை, அலையும் இல்லை; மடிந்து விழும் ஒரு தோலாடைதான் இருக்கிறது. தோல் மடியும்போது உண்டாகும் கனமான வளைவை நினைத்துப் பாருங்கள். அது துணியின் கூர்மடிப்பைப் போன்றதன்று. உருகிய கண்ணாடி சரியும்போது எடுக்கும் வளைவுக்கு மிக நெருக்கமானது. ஏரிக் கதையை விட எனக்கு இந்தக் காற்சட்டையின் மேல்தான் நம்பிக்கை அதிகம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. ஆல்தோவும் அவர் மனைவி ஐனோவும் 1935 இல் ஆர்த்தெக் என்ற அறைகலன் நிறுவனத்தைத் தொடங்கியபோது அதில் உடன் நின்ற மாய்ரே குல்லிக்சன், ஆல்ஸ்ட்ரோம் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கணவர் ஹாரி குல்லிக்சன் அந்தக் குழுமத்தின் தலைமை நிர்வாகி. அதாவது, போட்டியை நடத்திய ஆலைகளின் உரிமையாளர்களும் போட்டியில் வென்றவரும் ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்கள். புனைபெயர் விதி இல்லாதிருந்தால் இந்த வெற்றியின் மேல் நிழல் விழுந்திருக்கும். விதி இருந்தும் அப்படியொரு கையெழுத்தை அடையாளம் காண்பது கடினமா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். என்னைப் பொறுத்தவரை அந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுத்ததில் சலுகையை விடத் துணிவுதான் பெரிதாகத் தெரிகிறது. ஏனென்றால் பரிசு கொடுத்த நாளில் அந்த வடிவத்தை எப்படிச் செய்வது என்பது அந்த ஆலையில் இன்னும் தீராத கேள்வி.

அதை விளக்க வேண்டுமானால் கண்ணாடியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மணலில் உள்ள சிலிக்காவைத் தனியாக உருக்க ஏறத்தாழ 1,700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். சோடா சேர்த்தால் அந்த வெப்பநிலை வெகுவாக இறங்கும். ஆனால் அப்படிச் செய்த கண்ணாடி நீரில் கரையும், ஆகவே அதை நிலைநிறுத்தச் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பல நூறு ஆண்டுகளாக உலகெங்கும் கண்ணாடிக்காரர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த கலவை இதுதான். உலையிலிருந்து இரும்புக் குழலின் நுனியில் சுற்றி எடுக்கப்படும் அந்தக் குழம்பு தேன்பாகு போல இருக்கும். குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி நிறுத்தினாலும் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். ஊதினால் உருண்டையாகத்தான் விரியும், ஏனென்றால் குமிழியின் இயல்பு அது. கண்ணாடித் தொழிலின் பழைய வடிவங்கள் எல்லாம், குடுவையானாலும் கோப்பையானாலும், வட்டத்தை அடிப்படையாகக் கொண்டிருப்பது ரசனையால் மட்டும் வந்ததன்று. சுழற்சியிலிருந்து பிறந்த வடிவங்கள் அவை.

அச்சுக்குள் ஊதும்போதும் சுழற்சிதான் காப்பாற்றும். மரத்தால் ஆன அச்சை நீரில் ஊறவைத்து, அதற்குள் சூடான குமிழியை இறக்கி ஊதிக்கொண்டே சுழற்றுவார்கள். ஈர மரத்திலிருந்து எழும் நீராவி, மரத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். கண்ணாடி மரத்தைத் தொடாமலே அதன் உருவத்தை எடுத்துக்கொள்ளும். சுழன்றுகொண்டே இருப்பதால் அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்துக் கோடும் விழாது, மேற்பரப்பும் பளபளக்கும். இது தலைமுறை தலைமுறையாக வந்த நுட்பம். இப்போது ஆல்தோவின் கோட்டை நினைத்துப் பாருங்கள். அந்த அச்சுக்குள் எதையும் சுழற்ற முடியாது! நெளிந்த சுவருக்குள் குமிழி இறங்கிவிட்டால் அது அசையாமல் நின்று விரிய வேண்டும். உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் வளைவை முதலில் தொடும் கண்ணாடி அங்கேயே குளிர்ந்து தடித்துப் போகும். வெளியே நீண்டிருக்கும் மடலுக்குள் புக வேண்டிய கண்ணாடி இழுபட்டு மெலிந்து போகும். எவ்வளவு குழம்பு எடுப்பது, எவ்வளவு சூட்டில் இறக்குவது, எந்த வேகத்தில் ஊதுவது என்று அதுவரை கை அறிந்திருந்த கணக்குகள் எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டியிருந்தது. புதிய வடிவம் ஒன்று, மரபின் மிகப் பழைய பழக்கமான சுழற்சியையே பறித்துக்கொண்டது. மரபையும் புதுமையையும் இணைப்பது என்று விழா மேடைகளில் எளிதாகச் சொல்கிறோம். அது உண்மையில் நடக்கும்போது இப்படித்தான், தொழிலாளியின் கையிலிருந்து ஒரு கருவியைப் பிடுங்குவது போலத்தான் தொடங்குகிறது.

ஆல்தோ தாமே சில வழிகளை முயன்றிருக்கிறார். தரையில் மரக்குச்சிகளை நட்டு அவற்றுக்கு நடுவே கண்ணாடியை ஊதச் செய்து, குச்சிகளுக்கிடையே அது எப்படிப் பிதுங்குகிறது என்று பார்த்ததாகச் சொல்வார்கள். மெல்லிய எஃகுத் தகடுகளை வளைத்து நிறுத்தி அச்சாக்கும் எண்ணமும் அவருக்கு இருந்தது. தகட்டின் வளைவை மாற்றினால் வடிவமும் மாறும் என்பது அதன் கவர்ச்சி. ஆலைக்கு அது சரிப்படவில்லை. கடைசியில் கார்ஹுலாவில் பழைய வழிக்கே திரும்பி, மரத்தைக் குடைந்து அச்சு செய்தார்கள். புதுமையின் சிக்கலைத் தீர்த்தது மிகப் பழைய பொருள். அச்சைக் குடைந்த தச்சர் அந்த வண்ணக்கோல் கிறுக்கலிலிருந்து ஒரு முடிவான கோட்டைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தாளில் ஐந்தாறு கோடுகளாக மயங்கிக் கிடந்ததை உளி ஒரே கோடாக்கியாக வேண்டும் அல்லவா? ஆக, அந்தப் பொருளின் வடிவத்தை முடிவு செய்ததில் உளிக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மர அச்சு ஒவ்வொரு ஊதலிலும் கொஞ்சம் கருகும். கருகிய இடம் உதிர்ந்து, வளைவு மயிரிழையளவு அகலும். அதனால் முதல் சாடியும் கடைசிச் சாடியும் ஒன்று போல இருக்காது. கண்ணாடியின் மேற்பரப்பிலும் மரத்தின் சுவடு மென்மையான அலையாக நிற்கும். 1954 வரை மர அச்சுகள்தான் புழங்கின. பிறகு வார்ப்பிரும்பு வந்தது. என்னிடம் இருப்பது இரும்பு அச்சில் பிறந்தது. பழைய மர அச்சுச் சாடிகளில் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் அதன் அருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை வாய்த்தது. இரும்பில் பிறந்ததன் சுவர் தெளிந்த நீர் போல இருந்தது. மரத்தில் பிறந்ததன் சுவர் லேசாகக் காற்றடிக்கும் நீர் போல இருந்தது. அந்த வேறுபாட்டைக் கண்ட பிறகு, 'குறை' என்ற சொல்லை இந்தத் தொழிலில் நான் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன்.

1937 இல் பாரிஸ் கண்காட்சியில் ஃபின்லாந்து அரங்கத்தை வடிவமைத்தவரும் ஆல்தோதான். சாடிகள் அங்கே வைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஹெல்சிங்கியின் எஸ்ப்ளனாதி வீதியில் திறக்கப்பட்ட சவோய் உணவகத்தின் உட்புறத்தை ஆல்தோ தம்பதியர் வடிவமைத்தபோது அங்கேயும் சாடிகள் இடம்பெற்றன. சவோய் என்ற பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது.

இதே ஆலைகள் இதற்கு முன்பு 1932 இல் நடத்திய போட்டியைப் பற்றிப் பெரும்பாலோர் பேசுவதில்லை. எனக்கோ அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. அதில் அழுத்தி வார்க்கும் கண்ணாடிப் பிரிவில் இரண்டாம் பரிசு பெற்றவர் ஐனோ ஆல்தோ. ஊதும் கண்ணாடிக்கு இருக்கும் மதிப்பு அழுத்தி வார்க்கும் கண்ணாடிக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. இரும்பு அச்சில் குழம்பை ஊற்றி மேலிருந்து ஓர் உலக்கையால் அழுத்தி எடுக்கும் மலிவான முறை அது; குமிழிகளும் சுருக்கங்களும் எளிதில் தெரியும். ஐனோ அந்தக் குவளையைச் சுற்றிலும் படிப்படியான வளையங்களை அமைத்தார், குளத்தில் கல்லெறிந்தால் விரியும் வட்டங்களைப் போல. அந்த வளையங்கள் மலிவுக் கண்ணாடியின் குறைகளைக் கண்ணிலிருந்து மறைத்தன, குவளைக்கு உறுதி கொடுத்தன, கைக்கும் பிடிப்பாக இருந்தன. தொழில்நுட்பத்தின் பலவீனத்தை மறுக்காமல், அதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வரைவது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. கணவரின் சாடி அலமாரியில் நிற்கிறது. ஐனோவின் குவளையில் ஃபின்லாந்துப் பிள்ளைகள் இன்றும் பால் குடிக்கிறார்கள். எந்தப் போட்டியின் முடிவு மேலானது என்று என்னைக் கேட்டால் நான் தயங்காமல் 1932 ஐச் சொல்வேன்.

இவ்வளவு விரிவாக இதை எழுதுவதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றும் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி வடிவமைப்புப் போட்டி ஒன்றில் நான் கலந்துகொண்டேன். மரபுக் கைத்திறனும் தற்காலச் சிந்தனையும் கைகோக்க வேண்டும் என்பதுதான் அங்கேயும் அறிவிப்பு. கணினியில் வரைந்த படங்களை இணையவழி அனுப்பச் சொன்னார்கள். இறுதிச் சுற்று வரை என் வடிவம் சென்றது. கனமான அடிப்பகுதியிலிருந்து இதழ்கள் போல மெல்லிய சுவர்கள் விரியும் ஒரு கிண்ணம் அது. திரையில் அது அழகாக இருந்தது. இறுதிச் சுற்று முடிந்த பிறகுதான் ஒரு கண்ணாடி ஊதுநரிடம் அந்தப் படத்தைக் காட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இது சூளைக்குள் ஆறும்போதே வெடித்துவிடும் என்றார். தடித்த பகுதி மெதுவாக ஆறும், மெலிந்த பகுதி விரைவாக ஆறும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கும்போது நடுவே இறுக்கம் உண்டாகி விரிசல் விழும். அடியை இவ்வளவு குறைத்து, இதழை இவ்வளவு தடிப்பாக்கினால் செய்யலாம் என்று ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தும் காட்டினார். அவருடைய வரைபடம் என்னுடையதை விட நன்றாக இருந்தது. அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் போட்டியில் வென்ற வடிவமும் எனக்குத் தெரிந்தவரை கண்ணாடியாகவில்லை. வென்றவரின் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. திறமையான இளைஞர் அவர். போட்டியின் அமைப்பின் மேல்தான் எனக்கு வருத்தம். நடுவர் குழுவில் உலைமுன் நின்ற ஒருவர்கூட இல்லை. படம் தேர்ந்தெடுக்கப்பட்டது, சான்றிதழ் கொடுக்கப்பட்டது, அத்துடன் முடிந்தது. 1936 இல் நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை நான் அப்போதுதான் உணர்ந்தேன். அன்றைய வரைபடமும் செய்யக் கடினமானதுதான். சொல்லப்போனால் என்னுடையதை விடக் கடினமானது. ஆனால் அங்கே போட்டியை நடத்தியது உலை வைத்திருந்த ஆலை. பரிசு கொடுத்தவுடன் அந்தக் கோட்டைக் கண்ணாடியாக்கும் பொறுப்பும் அதன் தோளில் ஏறியது. தச்சர்களும் ஊதுநர்களும் மாதக்கணக்கில் உடைத்து உடைத்துக் கற்றுக்கொள்ள அந்த ஆலை இடம் கொடுத்தது. போட்டி என்பது தேர்வோடு முடிவது என்று நினைக்கும் இடத்தில் கண்ணாடி பிறக்காது.

போர் முடிந்ததும் 1946 இல் ஈத்தலா மறுபடியும் ஒரு போட்டி நடத்தியது. அதன் வழியாக ஆலைக்குள் வந்தவர் தாப்பியோ விர்க்கலா. சிற்பக் கலை பயின்றவர். கண்ணாடியோடு பெரிய பழக்கம் இல்லாதவர். அந்தக் காலத்தில் அவர் வடிவமைத்த 'காந்தரெல்லி' என்ற சாடி, அங்கே கோடைக் காட்டில் எல்லாரும் தேடித் தேடிப் பறிக்கும் மஞ்சள் காளானின் பெயரைத் தாங்கியது. காளான் குடையின் விளிம்பு மேல்நோக்கி விரிந்து அலையலையாகக் கவிழ்வது போல அதன் வாய் விரியும். அடியிலிருந்து விளிம்பு வரை, காளானின் அடிப்புறத்தில் ஓடும் மெல்லிய மடிப்புகளைப் போல, சக்கரத்தால் வெட்டிய நுண்கோடுகள் ஏறும். மெல்லிய ஊது கண்ணாடியின் மேல் அப்படிக் கோடு வெட்டுவதற்கு எத்தகைய கை வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடும், கொஞ்சம் தளர்ந்தால் கோடு விழாது. முதலில் மிகச் சில பிரதிகளே செய்யப்பட்டன. 1951 இல் மிலானில் நடந்த த்ரியெனாலே என்ற வடிவமைப்புக் கண்காட்சியில் விர்க்கலா மூன்று கிராண்ட் பிரீ விருதுகளைப் பெற்றபோது ஃபின்லாந்துக் கண்ணாடி என்று ஒன்று இருப்பதை உலகம் கவனித்தது.

அவருக்குப் பின் வந்த தீமோ சார்ப்பநேவாவிடம், உலையின் அருகிலேயே நின்று கற்றுக்கொண்ட ஒருவரின் கை தெரிகிறது. 1950களின் நடுவில் அவர் செய்த சில கலைப் பொருட்களில், கெட்டியான கண்ணாடிக்குள் ஈரமான மரக்குச்சியைச் செருகினார்கள். குச்சியின் ஈரம் ஆவியாகி உள்ளேயே ஒரு நீண்ட குமிழியை ஊதியது. மனித மூச்சுக்குப் பதில் மரத்தின் மூச்சு. 1964 இல் 'ஃபின்லாந்தியா' வரிசைக்காக மர அச்சுகள் கருகுவதையே அவர் வடிவமைப்பாக்கினார். அதுவரை அச்சு கருகினால் தூக்கி எறிவார்கள், அல்லது கருகாமல் நனைத்துக் காப்பார்கள். அவர் எரியவிட்டார். ஒவ்வொரு ஊதலிலும் அச்சு மேலும் எரிந்து, ஒவ்வொரு சாடியின் மேலும் வேறுவேறு மரப்பட்டையின் தழும்பு பதிந்தது. ஆல்தோ சாடியின் சுவரில் தற்செயலாக நின்ற மரத்தின் சுவடு, கால் நூற்றாண்டு கழித்து இன்னொருவர் கையில் வேண்டுமென்றே செய்ததாக மாறியது. ஒரு போட்டி எதைத் தொடங்கி வைக்கிறது என்பதைப் பரிசளிப்பு நாளில் யாராலும் அளக்க முடியாது.

சென்ற கோடையில் ஈத்தலாவுக்குப் போயிருந்தேன். ஹாமேன்லின்னா நகராட்சிக்கு உட்பட்ட சிறிய ஊர் அது. ஆலையில் வேலை நடப்பதைப் பார்வையாளர்கள் நின்று பார்க்க முடியும். உலையின் வாய் திறந்த ஒவ்வொரு முறையும் முகத்தில் வெப்பம் அறைந்தது. உள்ளே ஏறத்தாழ 1,100 பாகையில் கண்ணாடி செம்மஞ்சளாகக் கிடந்தது. ஒரு சாடியைச் செய்ய ஏழு பேர் வேண்டும் என்று படித்திருந்தேன். அதைக் கண்ணால் பார்ப்பது வேறு. ஒருவர் குழலில் குழம்பைச் சுற்றி எடுத்து அடுத்தவரிடம் கொடுக்கிறார். அவர் ஊதிச் சிறிய குமிழியாக்குகிறார். இன்னொருவர் மீண்டும் குழம்பு சேர்க்கிறார். ஈரமான மரக் கரண்டியில் அதை உருட்டி, சமமாக்கி, நிமிர்த்தி, தொங்கவிட்டு நீட்டி, அச்சுக்காரர் திறந்து வைத்திருக்கும் இரும்பு அச்சுக்குள் இறக்குகிறார்கள். அச்சு மூடுகிறது. ஊதுநரின் கன்னம் உப்புகிறது. எவரும் எவரிடமும் பேசவில்லை. ஒரு தலையசைப்பு, ஒரு காலடி ஓசை, அதுவே போதுமானதாக இருந்தது. அச்சு திறந்தபோது அந்த வளைகோடு இன்னும் சிவந்த நிலையில் வெளியே வந்தது. மேலே தொப்பி போல மிஞ்சியிருந்த கண்ணாடியோடு அதை ஆறவைக்கும் சூளைக்கு எடுத்துச் சென்றார்கள். தொப்பியை வெட்டி, விளிம்பைத் தேய்த்து மெருகேற்றுவதெல்லாம் பின்னால் நடக்கும் வேலை.

ஒரு சாடி சரியில்லை என்று ஒதுக்கப்பட்டது. எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஊதியவர் ஒரே பார்வையில் அறிந்து அதை உடைந்த கண்ணாடித் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த குழலுக்குக் கை நீட்டினார். அந்தத் துண்டுகள் மறுபடி உலைக்குள் போய் உருகும்.

என் சாடியின் அடியில் வடிவமைத்தவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஊதியவரின் பெயர் இல்லை, அச்சுக் குடைந்தவரின் பெயரும் இல்லை. ஆனால் ஆல்தோவுக்கும் இந்தச் சாடி பணம் ஈட்டித் தரவில்லை என்றே சொல்கிறார்கள். போட்டிக்கு அனுப்பிய வடிவத்தின் உரிமை ஆலைக்குப் போய்விட்டது. பெயர் ஒருவருக்கு, உரிமை இன்னொருவருக்கு, மூச்சு மற்றொருவருக்கு. இன்று இத்தகைய போட்டி நடத்துகிறவர்கள் முதலில் சிந்திக்க வேண்டியது இந்தப் பங்கீட்டைத்தான் என்பது என் உறுதியான கருத்து. நடுவர் மேசையில் ஊதுநர் ஒருவர் உட்கார வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் சில நாட்களாவது உலைமுன் நின்று தம் வரைபடத்தைத் திருத்த வாய்ப்பு வேண்டும். முடிந்த பொருளில் இரண்டு பெயர்கள் பொறிக்கப்பட வேண்டும். இவை நடத்துவதற்கு அரிய காரியங்கள் இல்லை.

அவசரமும் இருக்கிறது. ஃபின்லாந்தில் நம் காலம் வரை இயங்கிய கண்ணாடி ஆலைகளில் மிகப் பழையது 1793 இல் நூத்தயார்வியில் தொடங்கியது. 2014 இல் அங்கே உற்பத்தி நின்றது. ஆல்தோவும் பங்கெடுத்த மற்றொரு போட்டியை 1930களில் நடத்திய ரீஹிமாக்கி ஆலையில் 1976 இலேயே ஊதுகுழல்கள் ஓய்ந்துவிட்டன; இன்று அந்த ஊரில் இருப்பது கண்ணாடி அருங்காட்சியகம். 2023 டிசம்பரில், கையால் கண்ணாடி செய்யும் அறிவையும் திறனையும் யுனெஸ்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஃபின்லாந்து, செக் குடியரசு, ஃபிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆகிய 6 நாடுகள் சேர்ந்து அதற்கு முன்மொழிந்தன. மகிழ்ச்சியான செய்திதான். இருந்தாலும் ஒரு தொழில் அந்தப் பட்டியலுக்குப் போகும்போது என் மனம் கொஞ்சம் கனக்கவும் செய்கிறது. பட்டியலில் இருப்பதால் உலை எரியாது. யாராவது புதிதாக, கடினமாக, இதுவரை செய்யாத ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் எரியும்.

ஊர் திரும்பும் முன் அங்கிருந்த அருங்காட்சியகத்தில் பழைய மர அச்சு ஒன்றைப் பார்த்தேன். இரண்டு பாதிகளாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. வெளிப்புறம் சாதாரண மரக்கட்டை, தச்சரின் உளித்தடம் அப்படியே தெரிந்தது. உட்புறம் முழுவதும் கரி. அந்தக் கரிய சுவரில், அட்டையில் வண்ணக்கோலால் கிறுக்கிய அதே கோடு நெளிந்து ஓடியது. ஓரிரு இடங்களில் கரி உதிர்ந்து, கோடு வரைந்ததை விடச் சற்று வெளியே போயிருந்தது.